ஸ்கேன், சிறுநீரகம், சம்மதக் கையெழுத்து… டாக்டர் மட்டும் படித்தால் போதுமா? கல்லூரி மாணவர்களுக்கு 'உயிரி அறவியல்' ஏன் தேவை?

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ் சேரும் மாணவர், நோயாளியிடம் எப்படிப் பேசுவது, சம்மதம் எப்படி வாங்குவது, ரகசியத்தை எப்படிக் காப்பது என்பதையும் ஒரு பாடமாகப் படித்தே ஆக வேண்டும். 'ஏட்காம்' என்று அழைக்கப்படும் இந்தப் பாடத்தொகுப்பு, 2019-ல் சேர்ந்த மாணவர்களில் தொடங்கி நாடு முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் கட்டாயம்.

அதே ஊரில் கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பி.ஏ தமிழோ, வரலாறோ, பி.காமோ படிக்கும் மாணவருக்கு இந்தப் பாடம் பொதுவாக வருவதில்லை. பயோடெக்னாலஜி போன்ற சில துறைகளில் ஏதாவது ஒரு தாளின் ஓரத்தில் வரும், அவ்வளவுதான்.

இதில் என்ன தப்பு, டாக்டருக்குத்தானே அது வேணும் என்று தோன்றலாம். ஆனால் டாக்டரின் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போவது யார்? அறுவை சிகிச்சைக்கு முன் படிவத்தில் கையெழுத்து போடுவது, ஸ்கேன் சென்டர் வாசலில் மாமியாரோடு நிற்பது, ஐசியூ வெளியே "உறுப்பு தானம் செய்ய சம்மதமா?" என்ற கேள்வியைக் கேட்பது, எல்லாம் அந்த பி.ஏ., பி.காம் மாணவர்கள்தான். அவர்கள் எடுக்கும் முடிவுகளுக்குச் சட்டம் இருக்கிறது, உரிமை இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. பாடம் மட்டும் இல்லை.

உயிரி அறவியல்னா என்ன?

ஆங்கிலத்தில் 'பயோஎத்திக்ஸ்'. உயிர், உடல், மருத்துவம், ஆராய்ச்சி, விலங்குகள், சுற்றுச்சூழல் ஆகியவை தொடர்பான முடிவுகளில் எது சரி, எது தவறு, அதை யார் தீர்மானிப்பது என்று கேட்கும் துறை. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் யார் என்பவர் 1927-லேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். (ஆமாம், அவர் பெயரே 'யார்'தான்.) பரவலானது 1970-க்குப் பிறகு, அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் வான் ரென்சலேர் பாட்டரின் எழுத்துகள் வழியாக.

இந்தத் துறை வளரக் காரணமாக இருந்தவை பெரும்பாலும் கசப்பான சம்பவங்கள். நாஜி முகாம்களில் நடந்த மனிதப் பரிசோதனைகளுக்குப் பிறகு 1947-ல் நியூரம்பெர்க் நெறிகள் வந்தன. அமெரிக்காவின் டஸ்கிகியில் சிபிலிஸ் நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களை, பென்சிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்காமல், 1932 முதல் 1972 வரை 'ஆய்வு' செய்தார்கள். அது வெளியே வந்த பிறகுதான் 'முழு விவரம் சொல்லி சம்மதம் வாங்கு' என்ற விதி அங்கே இறுகியது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த யோசனை ரொம்ப அந்நியமாக இருக்காது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். அந்த வரிசையில் முதலில் வருபவர் நோயாளி என்பதைக் கவனிக்கலாம்.

திருவண்ணாமலைக்கு இது ஏன் நெருக்கமான விஷயம்?

ஒரு எண்ணில் இருந்து தொடங்கலாம்: 930.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தில் 6 வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,41,205 பேர். பெண் குழந்தைகள் 1,31,364 பேர். அதாவது 1,000 ஆண் குழந்தைகளுக்கு 930 பெண் குழந்தைகள். அப்போது தமிழகத்தின் சராசரியே 943. மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையை எடுத்தால் 1,000 ஆண்களுக்கு 994 பெண்கள். பெரியவர்களில் கிட்டத்தட்ட சமமாக இருக்கும் கணக்கு, குழந்தைகளிடம் வரும்போது ஏன் இவ்வளவு சரிகிறது?

முழு விடையும் ஸ்கேன் அறையில் மட்டும் இருக்காது. ஆனால் அங்கேயும் இருக்கிறது. 2018 டிசம்பரில் திருவண்ணாமலை நகரில், கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சட்டவிரோதமாகக் கருக்கலைப்பு செய்ததாக ஒரு பெண்ணும் அவருடன் இருந்தவர்களும் கைது செய்யப்பட்டது மாநிலம் முழுக்க செய்தியானது. இதே மாதிரி புகாரில் ஏற்கெனவே சிக்கியவர்தான் அவர்.

கைதானது சேவை 'கொடுத்தவர்'. அதைத் தேடிப் போன குடும்பங்கள்? இங்கேதான் கல்லூரி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் வருகிறது. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டம் 1994-ல் இயற்றப்பட்டு 1996 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி,

* பாலினத்தைச் சொல்லும் மருத்துவருக்கு முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.
* பாலினம் தெரிந்துகொள்ள அணுகும் கணவர், உறவினர்களுக்கும் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 50,000 ரூபாய் வரை.
* கர்ப்பிணியை, கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்றால் அதை மறுதரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

இந்த மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரியாது: தனிநபர் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். மாவட்ட அளவில் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டும். 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் கொடுத்த பிறகு, புகார்தாரர் நேரடியாக நீதிமன்றத்துக்கே போகலாம் என்கிறது சட்டம். இதைத் தெரிந்துகொள்வது மருத்துவப் படிப்பு இல்லை, குடிமைப் பயிற்சி. வாக்காளர் அட்டை எப்படி வாங்குவது என்று சொல்லிக் கொடுப்பது மாதிரிதான்.

அதே சமயம் வகுப்பில் பேச வேண்டிய சிக்கலான பகுதியும் இதில் உண்டு. பாதுகாப்பான கருக்கலைப்பு இந்தியாவில் 1971-ல் இருந்து, நிபந்தனைகளோடு, சட்டப்படி செல்லும். பாலினம் பார்த்து கலைப்பதோ குற்றம். இரண்டையும் குழப்பிக்கொண்டால், உண்மையிலேயே உதவி தேவைப்படும் பெண் அரசு மருத்துவமனைக்குப் போகப் பயந்து போலி டாக்டரிடம் போவார். 'கருக்கலைப்பே பாவம்' என்று ஒரே வரியில் முடிக்கும் வகுப்பு, அவரை அந்தப் பக்கம்தான் தள்ளும்.

கையெழுத்து யாருடையது?

2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் (இப்போது தெலங்கானா) குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயது வரையிலான சுமார் 24,000 சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி தடுப்பூசி ஒரு திட்டத்தின் கீழ் போடப்பட்டது. 2010 ஏப்ரலில் மத்திய அரசு அதை நிறுத்தியது.

7 சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்ததுதான் முதலில் பரபரப்பானது. அந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றே அரசு விசாரணை சொன்னது. ஆனால் விசாரணையில் வேறொன்று வெளிப்பட்டது. கம்மத்தில் பல சிறுமிகள் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள், பலர் பழங்குடியினர். அவர்களின் சம்மதப் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்து போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

தடுப்பூசி நல்லதுதான். 14 வயது சிறுமிகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி போடப்படும் என்று தமிழக அரசே 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. சிக்கல் ஊசியில் இல்லை. 'நல்லதுதானே செய்கிறோம், எதற்குக் கேட்க வேண்டும்?' என்ற நினைப்பில்தான் சிக்கல். விடுதியில் தங்கிப் படித்த மாணவர்கள் நிறைந்த ஒரு கலைக் கல்லூரி வகுப்பில் இந்த ஒரு வழக்கை மட்டும் வைத்து இரண்டு மணி நேரம் பேசலாம். "எங்க வார்டனும் அப்படித்தான் போட்டிருப்பார்" என்று சொல்ல நாலு பேராவது இருப்பார்கள்.

உங்களுக்கும் ஒரு நாற்காலி

புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்க வேண்டும் என்றால், முதலில் ஒரு அறநெறிக் குழு, அதாவது 'எத்திக்ஸ் கமிட்டி', அனுமதி கொடுக்க வேண்டும். 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி இந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். டாக்டர்கள், சட்டம் தெரிந்தவர், சமூகவியல் துறையைச் சேர்ந்தவர் எல்லாரும் இருப்பார்கள். இவர்களுடன் 'லே பர்சன்', அதாவது மருத்துவத்துறை சாராத ஒரு சாதாரண குடிமகன் அல்லது குடிமகள் கட்டாயம்.

இந்த உறுப்பினர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது: எழுதப் படிக்கத் தெரிந்தவர், கடந்த 5 ஆண்டுகளில் மருத்துவம் சார்ந்த வேலையில் இல்லாதவர், உள்ளூர் மொழியும் பண்பாடும் அறிந்தவர். பி.ஏ தமிழ் படித்துவிட்டு போளூரிலோ செங்கத்திலோ இருக்கும் ஒருவருக்கு இந்தத் தகுதி அப்படியே பொருந்தும்.

சும்மா பேருக்கு உட்கார வைப்பதும் இல்லை. மருந்துப் பரிசோதனையைப் பரிசீலிக்கும் கூட்டத்தில் அந்தச் சாதாரண உறுப்பினர் வரவில்லை என்றால் கோரம் கிடையாது, கூட்டமே செல்லாது. தமிழில் எழுதப்பட்ட சம்மதப் படிவம் ஒரு கூலித் தொழிலாளிக்குப் புரியுமா என்று கேட்க வேண்டியவர் முக்கியமாக அவர்தான். ஜூரி முறை இல்லாத இந்த நாட்டில், நிபுணர்களுக்குச் சமமாக உட்கார்ந்து சாதாரண மனிதர் வாக்களிக்கும் இடங்கள் மிகவும் குறைவு. அதில் ஒன்றைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த நாற்காலிக்குத் தயார் செய்யும் வகுப்பு எந்தக் கலைக் கல்லூரியில் நடக்கிறது?

என் உடம்பு, நான் விற்கிறேன், உனக்கென்ன?

மாணவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் கடனில் தவித்த விசைத்தறித் தொழிலாளர்களிடம் இடைத்தரகர்கள் சிறுநீரகத்தை விலைக்குக் கேட்டு வாங்கியதாக எழுந்த புகார், உயர் நீதிமன்றம் வரை போனது. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் இருந்தே இருக்கிறது. பணத்துக்கு உறுப்பு வாங்கினாலும் விற்றாலும் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அப்படியிருந்தும் ஏன் நிற்கவில்லை?

கடன் கழுத்தை நெரிக்கும்போது கொடுக்கும் சம்மதம் உண்மையான சம்மதமா? இதுதான் கேள்வி. விற்றவரைக் குற்றவாளி என்று பார்ப்பதா, பாதிக்கப்பட்டவர் என்று பார்ப்பதா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும்.

மாணவிகளை நேரடியாகத் தொடும் விஷயம் கருமுட்டை. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் இருந்து, போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, பலமுறை கருமுட்டை எடுக்கப்பட்டது தெரியவந்தது. பெற்ற தாயே கைதானவர்களில் ஒருவர். செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2021-ன்படி கருமுட்டை தானம் செய்பவரின் வயது 23 முதல் 35 வரை இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதிகபட்சம் 7 கருமுட்டைகள். விற்பனை குற்றம். இளநிலை படிக்கும் மாணவிகளில் பெரும்பாலானோர் 23 வயதுக்குக் கீழேதான் இருப்பார்கள். யாராவது 'ஈஸியா பணம் வரும்' என்று அணுகினால், அந்தப் பேச்சே சட்டவிரோதம் என்று தெரிந்திருப்பது அவசியம்.

ஐசியூ வாசலில்…

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மாணவர் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். அவரது பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தமிழகத்தில் உறுப்பு தானம் வீட்டுப் பேச்சாக மாறியது அதன் பிறகுதான். உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்.

ஹிதேந்திரனின் பெற்றோர் இருவரும் டாக்டர்கள். கோமா வேறு, மூளைச்சாவு வேறு என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோமாவில் இருப்பவர் திரும்பி வரலாம், மூளைச்சாவில் அந்த வாய்ப்பு இல்லை. 4 மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவை அறிவிக்க முடியும். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே "போயிட்டாரு" என்பதை நம்புவது எந்தக் குடும்பத்துக்கும் கஷ்டம். அந்த இரவில் கற்றுக்கொள்ள நேரம் கிடையாது. முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்புக்கு ஊரிலேயே இருக்கும் வழக்குகள்

இந்தப் பாடத்துக்கு வெளிநாட்டுப் புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. கிரிவலப் பாதையில் நடந்தாலே போதும்.

ரமணாசிரமத்தில் இருந்து தொடங்கலாம். 1949-ன் தொடக்கத்தில் ரமண மகரிஷியின் இடது கையில் கட்டி வந்தது. சார்கோமா என்ற புற்றுநோய். அந்த ஆண்டே நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. கையை அகற்றிவிடலாம் என்று மருத்துவர்கள் யோசனை சொன்னபோது அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். ஆன்மிகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், முழு நினைவோடு இருக்கும் நோயாளி ஒரு சிகிச்சையை 'வேண்டாம்' என்று சொல்லலாமா என்ற கேள்வி இதில் இருக்கிறது. நினைவு இல்லாத நிலைக்கும் சேர்த்து முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுதான் 'லிவிங் வில்'. 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது. 18 வயது நிறைந்த யாரும், இரண்டு சாட்சிகளுடன், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் எழுதி வைக்கலாம்.

அடுத்தது அண்ணாமலையார் கோயில் யானை ருக்கு. 2018 மார்ச்சில் இறந்தது, ஊரே கூடி அழுதது. கோயிலுக்குப் புது யானை வேண்டும் என்பது பக்தர்களின் ஆசை. காட்டில் கூட்டமாக வாழும் விலங்கைக் கல்தரையில் தனியாகக் கட்டி வைக்கலாமா என்பது எதிர்க்கேள்வி. கோயில்களுக்கு இனி யானை வாங்கக் கூடாது என்று அறிவுறுத்தும்படி 2023-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசுக்குச் சொன்னது. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு. அன்பும் இரக்கமும் எதிரெதிரே நிற்கும் வழக்கு இது. பட்டிமன்றத் தலைப்பாகவே வைக்கலாம்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. உரிமை கோரப்படாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் பாடத்துக்குக் கொடுக்க 1951-ம் ஆண்டின் சட்டம் அனுமதிக்கிறது. எங்கிருந்தோ வந்து இந்த மலையடிவாரத்தில் தங்கிவிட்ட, உறவினர் யாரென்றே தெரியாத சாதுக்கள் வாழும் ஊர் இது. அப்படி ஒருவர் இறந்தால் அவருக்காகச் சம்மதம் சொல்வது யார்? வருங்கால டாக்டர்கள் படிக்க உடல் வேண்டும் என்பதும் உண்மை. 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை என்பதும் உண்மை.

இது புது யோசனையா?

இல்லை. 1997 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உயிரி அறவியல் பயிலரங்கம் நடந்தது. விலங்கியல் பேராசிரியர் ஜெயபால் அசரையா இதன் முக்கிய அமைப்பாளர். மருத்துவம் மட்டுமில்லாமல் நிலம், நீர், உயிரினங்கள் என எல்லாமே அந்தப் பயிலரங்கத்தின் பேசுபொருள். 2005 அக்டோபர் 19 அன்று யுனெஸ்கோ ஏற்ற உலகளாவிய பிரகடனத்தின் 23-வது பிரிவு, உயிரி அறவியல் கல்வியை எல்லா நிலைகளிலும் வளர்க்க வேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. 2008-ல் யுனெஸ்கோ ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தையும் வெளியிட்டது. அதற்குத் தேவையான நேரம் குறைந்தது 30 மணி நேரம்.

சரி, டைம்டேபிளில் இடம் எங்கே?

ஏற்கெனவே பாடச்சுமை என்ற புகார் நியாயமானதுதான். ஆனால் புதுத் தாள் தேவையில்லை. தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளின் இளநிலைப் படிப்பில் 'பகுதி 4' என்று ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி இரண்டும் அதில்தான் வரும். வாரம் 2 மணி நேரம், 15 வாரம் என்று வைத்தால் யுனெஸ்கோ சொன்ன 30 மணி நேரம் வந்துவிடுகிறது.

சுற்றுச்சூழல் கல்வியே உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது. எம்.சி.மேத்தா வழக்கில் 1991-ல் உத்தரவு வந்தது. அது எல்லாக் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடமாக 2003-க்கு மேல் ஆனது. கட்டாயமான பிறகு என்ன ஆனது என்பதும் எல்லாருக்கும் தெரியும்: கைடு வாங்கு, முந்தின நாள் படி, பாஸ் ஆகு. உயிரி அறவியலுக்கும் அதே கதி வர வாய்ப்பு அதிகம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, இது உபதேச வகுப்பாக மாறுவது. ஆசிரியர் தன் சாதி, மத, கட்சி நம்பிக்கையை 'அறம்' என்று சொல்லி 30 மணி நேரம் பேசிவிட்டுப் போகலாம். தவிர்க்க ஒரு வழி, வழக்குகளை வைத்துப் பேசுவது. சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும், அதில் விவாதம் கிடையாது. பிறகு அந்த வழக்கில் யார் யார் பாதிக்கப்படுகிறார்கள், யாரிடம் கேட்கவே இல்லை என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். தனியாக ஆசிரியர் நியமிக்கவும் தேவையில்லை. சட்டம் பற்றிப் பேச நீதிமன்றத்தில் இருந்து ஒரு வழக்கறிஞர், ஐசியூ பற்றிப் பேச அரசு மருத்துவமனையில் இருந்து ஒரு செவிலியர் வந்தால் போதும். இரண்டுமே ஊருக்குள் இருக்கின்றன.

மதிப்பெண்? யானை வேண்டும் என்று எழுதியவருக்கும் வேண்டாம் என்று எழுதியவருக்கும் 10-க்கு 9 கிடைக்கலாம், எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாக எழுதியிருந்தால். கருவின் பாலினத்தைச் சொன்னால் தண்டனை யாருக்கு என்ற கேள்விக்கு மட்டும் 'டாக்டருக்கு' என்று ஒரே வார்த்தையில் எழுதினால் பாதி மார்க்தான்.